பன்னிரண்டு வரை

ஜனவரி 22, திங்கள்

முதல் வீடியோவிலேயே புரொபசர் ஒரு வேலை கொடுத்துவிட்டார். தினமும் எதைப் படித்தோம், எது மண்டையில் ஏறவில்லை என்று ஒரு நோட்டில் எழுதி வரவேண்டுமாம். பொங்கலுக்குக் கம்பெனியில் கொடுத்த டைரி பிரிக்காமல் கிடந்தது. அதில் எழுதுகிறேன்.

நான் சாந்தாமணி. வயது முப்பத்து நான்கு. கோயம்புத்தூர் கணபதியில் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில் பதினொரு வருடமாக வைண்டிங் செக்ஷன். மோட்டாரின் வயிற்றுக்குள் செம்புக் கம்பிச் சுருளை இறக்குவது என் வேலை. காயில் இறக்குவது என்போம். ஒரு வருடமாக வலது கட்டைவிரல் மரத்துப்போகிறது. நாங்கள் இறக்கி முடித்தது டெஸ்டிங் செக்ஷனுக்குப் போகும். அங்கே மீட்டர் வைத்துப் பார்த்து, சரியில்லாததில் சிவப்புச் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். என்ன சரியில்லை என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். பதினொரு வருடமாக அந்தக் குறியைப் பார்த்துப் பார்த்து எனக்கு எரிச்சல்.

இப்போது டெஸ்டிங்குக்கு இரண்டு பேரை வைண்டிங்கிலிருந்தே எடுக்கப்போகிறார்கள். அந்த இரண்டில் ஒன்று எனக்கு வேண்டும். நோட்டீஸில் இரண்டு நிபந்தனை. ஆன்லைனில் ‘மின் இயந்திரங்கள்’ என்ற பன்னிரண்டு வார இலவசப் பாடத்தை முடித்து, பரீட்சை எழுதி, சர்ட்டிபிகேட் கொண்டுவர வேண்டும். இன்னொன்று, பன்னிரண்டாம் வகுப்பு தேர்ச்சி. கஷ்டமானது முதலாவதுதான். அதைப் பற்றி மட்டும்தான் இந்த டைரி.

பாடத்தில் சேரும் பாரத்தில் “கல்வித் தகுதி: எதுவும் தேவையில்லை” என்று ஒரு வரி இருந்தது. அதை நான்கு முறை படித்தேன்.

ஜனவரி 25, வியாழன்

கம்பெனி பஸ்ஸில் போக நாற்பது நிமிடம், வர ஐம்பது. அதுதான் என் காலேஜ். புரொபசர் இங்கிலீஷில் மளமளவென்று போகிறார். வேகத்தைக் குறைத்து வைத்தால் குடித்துவிட்டு வந்தவர் மாதிரி இழுக்கிறார். இழுத்தாலும் பரவாயில்லை, புரிகிறது. சரவணம்பட்டி தாண்டினால் நெட் நின்றுவிடும். அவர் கையைத் தூக்கியபடியே ஐந்து நிமிடம் நிற்பார். நானும் காத்திருப்பேன்.

ஜனவரி 31, புதன்

வீடியோவுக்குக் கீழே தமிழில் எழுத்து ஓடும் என்று ரெஜினா கண்டுபிடித்துச் சொன்னாள். ரெஜினா என் பக்கத்து மேஜை, இருபத்தாறு வயது. அவளும் இதில் சேர்ந்திருக்கிறாள். செக்ஷனில் மொத்தம் பதினாறு பேர் சேர்ந்திருக்கிறோம்.

மெஷினே மொழிபெயர்த்த தமிழ். கரண்ட் என்று அவர் சொன்னால் கீழே ‘தற்போதைய’ என்று வருகிறது. தற்போதைய பாய்கிறதாம், தற்போதைய சூடாகிறதாம். மோட்டாரின் போல் எல்லாம் ‘கம்பம்’. நான்கு கம்பம் நட்ட மோட்டார். சுற்றும் வேகம் குறைவதை ஸ்லிப் என்கிறார், அதற்குச் ‘சீட்டு’ என்று போடுகிறது. சுமை கூடினால் சீட்டு கூடும் என்று வந்ததும், யாரு சீட்டு புடிக்கறது என்று ரெஜினா கேட்டாள். பஸ்ஸே சிரித்தது.

சிரித்தாயிற்று. பிறகு உட்கார்ந்து, அவர் சொல்வதைக் கேட்டு நானே தமிழில் எழுத ஆரம்பித்தேன். ஒரு வீடியோவுக்கு இரண்டு பக்கம் வருகிறது.

பிப்ரவரி 6, செவ்வாய்

முதல் டெஸ்ட். பத்துக்கு மூன்று. நல்லவேளை, யாருக்கும் தெரியாது.

பிப்ரவரி 7, புதன்

ரெஜினாவுக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்கு இரண்டாம். ஆறுதலாக இருந்தது என்று எழுதுவது நியாயமில்லை. இருந்தது.

பிப்ரவரி 14, புதன்

என் நோட்டை ரெஜினா போட்டோ எடுத்து குரூப்பில் போட்டுவிட்டாள். எல்லோரும் அதைத்தான் படிக்கிறார்கள். இன்று அதனாலேயே ஒரு கூத்து. ‘மின்தடை கூடினால் கம்பி சூடாகும்’ என்று எழுதியிருந்தேன். டெஸ்ட்டில் அதே கேள்வி. ஒன்பது பேர் ஒரே மாதிரி தப்பாகப் போட்டிருக்கிறார்கள். மதியம் ரெஜினா டிபன் பாக்ஸோடு சண்டைக்கே வந்துவிட்டாள்.

“ஏனுங்க்கா, கரண்டே இல்லீன்னா கம்பி எப்படிங்க்கா சூடாகும்?”

அப்போதுதான் புரிந்தது. பேப்பரில் ‘நாளை மின்தடை’ என்று போடுவார்களே, அந்த மின்தடை என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் எழுதியது ரெசிஸ்டன்ஸ், கம்பி கரண்ட்டைத் தடுக்கிற அளவு. பள்ளிக்கூடப் புத்தகத்தில் அதற்கும் மின்தடை என்றுதான் பெயர். ஊரில் அந்த வார்த்தை கரண்ட் ஆபீஸ்காரருடையது. நோட்டில் எல்லா மின்தடையையும் அடித்து ரெசிஸ்டன்ஸ் என்று தமிழில் எழுதினேன். நாற்பத்தொரு இடம்.

இதெல்லாம் எப்படிங்க்கா ஞாபகம் இருக்குது, பிளஸ் டூவுல நல்லாப் படிச்சிருப்பீங்க போல என்றாள். சாப்பாடு ஆறுது, சாப்பிடு என்றேன்.

பிப்ரவரி 22, வியாழன்

படிக்கவில்லை. விரல்.

மார்ச் 4, திங்கள்

பதினாறு பேரில் இப்போது ஏழு பேர். ஒருத்திக்குக் குழந்தைக்கு அம்மை, ஒருத்தியின் போனை வீட்டில் பிடுங்கிக்கொண்டார்கள், மற்றவர்கள் காரணம் சொல்லவில்லை. சேர்வதற்குக் காசு வேண்டாம், விடுவதற்கும் வேண்டாம். பீஸ் கட்டியிருந்தாலாவது அதற்காகவே உட்கார்ந்திருப்பார்கள் என்று மரகதம் அக்கா சொன்னார். மரகதம் அக்காவுக்கு நாற்பத்தொரு வயது, எங்கள் செக்ஷனிலேயே கைவேலை சுத்தம் அவருக்குத்தான். இந்தப் பாடத்தில் அவர் சேரவே இல்லை. ஏன் என்று கேட்டால் எனக்கெதுக்கு கண்ணு என்பார். ஆனால் என் நோட்டை மட்டும் வாங்கிப் படிக்கிறார்.

என் வீட்டுக்காரர் துரைசாமி மினி லாரி ஓட்டுகிறார். லோடு இறங்கும்வரை போனில் படம் பார்த்து, என் போனிலிருந்தும் நெட்டை வாங்கித் தீர்த்துவிடுவார். இன்று கறாராகச் சொல்லிவிட்டேன், பரீட்சை முடியும்வரை என் போனைத் தொடக்கூடாது என்று. சரிங்க டீச்சர் என்றார்.

மார்ச் 11, திங்கள்

இன்றைக்கு ஒரு விஷயம் தெரிந்தது. கம்பியின் மேல் கண்ணாடி மாதிரி ஒரு எனாமல் பூச்சு இருக்கிறது. காயில் உள்ளே போகாவிட்டால் கட்டைவிரலால் அழுத்தித் திணிப்போம். விளிம்பில் உரசி அந்தப் பூச்சு போய்விட்டால், மோட்டார் ஓடும், ஆனால் கரண்ட் மோட்டாரின் இரும்பு உடம்புக்குக் கசியும். கண்ணுக்குத் தெரியாது. மீட்டருக்குத் தெரியும்.

ஆக, நான் அவசரப்பட்டு அழுத்திய ஒவ்வொன்றும்தான் திரும்பி வந்திருக்கிறது. அரை நிமிடத்தில் சொல்லக்கூடிய விஷயம். பதினொரு வருடத்தில் ஒரு ஆள் சொல்லவில்லை. முகம் தெரியாத ஒரு புரொபசர் காசு வாங்காமல் சொல்லிவிட்டுப் போகிறார். அழுகை வந்தது. கோபத்தில் வந்ததா சந்தோஷத்தில் வந்ததா தெரியவில்லை. செக்ஷனில் எல்லோரையும் கூப்பிட்டு, விரலால் திணிக்காமல் மெல்லிசாகச் சீவிய மூங்கில் சிம்பு வைத்துத் தள்ளிக் காட்டினேன்.

மார்ச் 19, செவ்வாய்

ஆபீஸ் மேனேஜர் வரதராஜன் சார், பரீட்சைக்குப் பதிந்தவர்கள் எல்லோரும் பிளஸ் டூ மார்க் ஷீட் ஜெராக்ஸ் கொடுக்க வேண்டும் என்றார். ரெஜினா மறுநாளே தருகிறேன் என்றாள். என்னுடையது அம்மா வீட்டுப் பெட்டியில் இருக்கிறது, எடுத்து வருகிறேன் என்றேன். பெட்டியில்தான் இருக்கிறது. அது பொய்யில்லை.

மார்ச் 24, ஞாயிறு

டெஸ்ட்டில் பத்துக்குப் பத்து. பூரி சுட்டேன்.

ஏப்ரல் 7, ஞாயிறு

ஏழு பேரில் ஐந்து பேர் போய், நானும் ரெஜினாவும்தான் மிச்சம். நேற்றும் மேனேஜர் மார்க் ஷீட் கேட்டதாக ரெஜினா சொன்னாள். இந்த டைரியில் அதைப் பற்றி எழுதுவதில்லை என்று இருந்தேன். எது மண்டையில் ஏறவில்லை என்று புரொபசர் எழுதச் சொல்லியிருக்கிறாரே. எழுதுகிறேன்.

பன்னிரண்டாம் வகுப்பில் நான் பெயில். பிசிக்ஸ். இருநூறுக்கு எழுபது வேண்டும். அறுபத்தொன்று.

அந்த வருடமே திரும்ப எழுதியிருக்கலாம். மில்லுக்குப் போகச் சொன்னார்கள், போனேன். பெண் பார்க்க வந்தவர்களிடம் அப்பா, “பன்னெண்டு வரைக்கும் படிச்சிருக்குதுங்க” என்றார். வரைக்கும். அந்த வார்த்தை எவ்வளவு உதவும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். கேட்டவர்கள் பாஸ் என்று எடுத்துக்கொண்டார்கள், அப்பா பாஸ் என்று சொல்லவே இல்லை. கம்பெனியில் சேரும்போது பாரத்தில் நானும் ‘+2 வரை’ என்றே எழுதினேன். என் வீட்டுக்காரருக்கும் தெரியாது. பதிமூன்று வருடம் குடித்தனம் நடத்தியிருக்கிறோம்.

இத்தனையும் தெரிந்துகொண்டுதான் இந்தப் பாடத்தில் சேர்ந்தேன். சர்ட்டிபிகேட் கையில் இருந்தால் மற்றதை யாரும் பெரிசாகப் பார்க்க மாட்டார்கள் என்று நினைத்தேன். இன்னும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஏப்ரல் 28, ஞாயிறு

பரீட்சை. ஊருக்கு வெளியே ஒரு இன்ஜினியரிங் காலேஜில், கம்ப்யூட்டரில். என் வீட்டுக்காரர் லாரியிலேயே கொண்டுவந்து விட்டார். என்னைச் சுற்றிலும் காலேஜ் பிள்ளைகள். முதல் பத்து நிமிடம் மௌஸ் எங்கே போகிறது என்றே பிடிபடவில்லை. பிறகு கேள்வியைப் பார்த்தேன், எல்லாம் நம் மோட்டார்தான். ஒவ்வொன்றாகப் போட்டேன். இரண்டு கேள்விக்கு மட்டும் கண்ணை மூடிக்கொண்டு போட்டேன்.

மே 16, வியாழன்

எழுபத்து நான்கு. ரெஜினாவுக்கு அறுபத்தெட்டு. பஸ்ஸில் என்னைக் கட்டிக்கொண்டாள். சர்ட்டிபிகேட்டில் என் பெயர் இருக்கிறது. ஒரே ஒரு எழுத்துகூடத் தப்பில்லாமல்.

மே 17, வெள்ளி

மேனேஜர் கூப்பிட்டார். சர்ட்டிபிகேட்டைப் பார்த்துவிட்டு, வைண்டிங்கில் இரண்டு மாதமாக ரிஜெக்‌ஷன் பாதியாகக் குறைந்திருக்கிறது, உங்கள் மூங்கில் சிம்பு என்று கேள்விப்பட்டேன் என்றார். என்னை எடுக்க அவருக்கு ஆசை, அது முகத்திலேயே தெரிந்தது. பிறகு மார்க் ஷீட் கேட்டார். இன்னும் எடுத்து வரவில்லை என்றேன். என் பழைய பைலை எடுத்து, பாரத்தைப் புரட்டி, அந்த வரியில் விரலை வைத்தார். ‘வரை’ என்பதற்கு அடியில் நகத்தால் ஒரு கோடு இழுத்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். பைலில் பிளஸ் டூ என்றுதான் இருக்கிறது, நானாகத் தோண்ட மாட்டேன் என்றார்.

“மார்க் ஷீட் தொலைஞ்சு போச்சுன்னு ஒரு லெட்டர் மட்டும் எழுதிக் குடும்மா. மத்தத நான் பாத்துக்கறேன்.”

பேப்பரும் பேனாவும் எடுத்து என் பக்கம் தள்ளினார். நல்ல மனுஷன், அவர் மேல் குறை சொல்ல மாட்டேன். பேனாவை எடுத்துவிட்டேன், அதையும் எழுதத்தான் வேண்டும். ‘ஐயா’ என்று எழுதியும்விட்டேன். எழுதும்போது ஒரு யோசனை வந்தது. டெஸ்டிங்கில் உட்கார்ந்தால் எனக்கு என்ன வேலை? ஓடுகிற மோட்டாரில்கூடக் கசிகிறதா என்று பார்த்து, கசிந்தால் பெயில் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது. அந்த நாற்காலிக்கு இந்த லெட்டரைக் கொடுத்துவிட்டா போவது? பேனாவை மூடி வைத்தேன்.

“அது தொலையலீங் சார். பெயிலுங்.”

“தெரிஞ்சுதான் இப்படி எழுதுனீங்களா?”

“தெரிஞ்சுதானுங் எழுதுனேன்.”

பெரிய மூச்சு விட்டார். ரெஜினா ஜூன் முதல் தேதி போகட்டும், இன்னொரு இடத்தை ஜூலை முடியும்வரை நிறுத்தி வைக்கிறேன், அதற்குள் எழுதிப் பாஸ் பண்ணுங்கள், அதற்கு மேல் வெளியிலிருந்து ஆள் எடுக்கச் சொல்லிவிடுவார்கள் என்றார். அவர் சொன்னதிலும் ஒரு ‘வரை’. மதியம் வழக்கம்போலச் சாப்பிட்டேன்.

மே 18, சனி

சாயங்காலம் வீட்டுக்காரர் லாரி கழுவிக்கொண்டிருந்தார். டீயைக் கையில் கொடுத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உங்கள் வீட்டில் பெண் கேட்டு வந்தபோதே நான் பெயில்தான் என்றும் சொன்னேன். டீயைக் குடித்து முடித்து, டம்ளரை லாரிப் படியில் வைத்தார்.

“ஏம்புள்ள, எங்க வீட்ல என்னைய எட்டு வரைக்கும்னு சொன்னாங்கல்ல?”

“ஆமாங்க.”

“ஆறோட சரி.”

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அவரும் சிரித்தார். அரை மணி நேரம் கழித்து எனக்குக் கோபமும் வந்தது, பதிமூன்று வருடமாகச் சொல்லாமல் இருந்திருக்கிறாரே என்று. அதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று பேசாமல் விட்டுவிட்டேன். படுக்கப் போகும் முன், திரும்ப எழுதப் போறயா என்றார். ஆமாம் என்றேன். அப்ப எழுது என்றார்.

மே 20, திங்கள்

செக்ஷனுக்குள் விஷயம் எப்படியோ பரவிவிட்டது. யாரும் கேட்கவில்லை, எல்லோரும் என் மேஜைப் பக்கம் வராமல் சுற்றிப் போனார்கள். ரெஜினா அழுதாள். உங்கள் நோட்டைப் படித்து எனக்குக் கிடைத்திருக்கிறது, நான் போகமாட்டேன் என்றாள். நான் போட்ட சத்தத்தில் சூப்பர்வைசரே எட்டிப் பார்த்தார். எனக்காக இடத்தை விட்டால் அதோடு பேச்சை நிறுத்திக்கொள்வேன் என்றேன். சந்தோஷம்தான். எனக்குச் சந்தோஷம்தான்.

மதியம் சாப்பிடும்போது மரகதம் அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். டிபனைத் திறக்கவில்லை. ரொம்ப மெதுவாகச் சொன்னார்.

“நானும் வரைக்கும்தான் கண்ணு.”

அவருக்கும் பிசிக்ஸ்தான். இருபத்து மூன்று வருடத்துக்கு முன்னால். அதனால்தான் பாடத்தில் சேரவே இல்லையாம், மார்க் ஷீட் கேட்பார்கள் என்று. சொல்லி முடிக்கவில்லை, எதிரே உட்கார்ந்திருந்த ஈஸ்வரி சாதத்தைப் பிசைவதை நிறுத்திவிட்டு, தனக்குப் பொருளியல் என்றாள். இன்னும் இரண்டு பேர் பத்து வரை என்றார்கள். ஒரே மேஜையில் ஐந்து பேர். பதினொரு வருடமாக ஒரே ஊறுகாய் பாட்டிலைப் பகிர்ந்து சாப்பிட்டிருக்கிறோம்.

மே 22, புதன்

அரை நாள் லீவு போட்டு நானும் மரகதம் அக்காவும் ஈஸ்வரியும் தேர்வு சேவை மையத்துக்குப் போய் விசாரித்தோம். தனித்தேர்வராக எழுதலாம், ஜூன் கடைசியில் துணைத்தேர்வு. பாடத்திட்டம் மாறிவிட்டது, புதுப் புத்தகம் படிக்க வேண்டும். புத்தகம் முழுவதும் நெட்டிலேயே இலவசமாக இருக்கிறது. பாரத்தில் ‘தேர்ச்சி பெறாத பாடம்’ என்று ஒரு கட்டம். இயற்பியல் என்று எழுதினேன்.

ஜூன் 3, திங்கள்

ரெஜினா டெஸ்டிங்குக்குப் போய்விட்டாள். பக்கத்து மேஜை காலி.

புதுப் புத்தகத்தில் மின்னோட்டப் பாடத்தைத் திறந்தேன். பதினேழு வயதில் என்னைக் கவிழ்த்த பாடம் இதுதான். சார் போர்டில் எழுதுவார், நாங்கள் எழுதுவோம், எந்தக் கம்பியையும் கண்ணால் பார்த்ததில்லை. இன்றைக்குப் பக்கம் பக்கமாகப் புரிகிறது. ஒளியியல் மட்டும் சுத்தமாகப் புரியவில்லை. அதற்கும் எங்கேயோ ஒரு புரொபசர் வீடியோ போட்டிருப்பார் என்று தேடினேன். நான்கு பேர் போட்டிருக்கிறார்கள்.

ஜூன் 12, புதன்

மதியம் இருபது நிமிடம் மரகதம் அக்காவுக்கும் ஈஸ்வரிக்கும் சேர்த்துப் படிப்பு. ஈஸ்வரியின் பொருளியல் எனக்குத் தெரியாது, அதனால் அவள் எங்களுக்குச் சொல்லிக்கொடுப்பது போலப் படிக்கிறாள். ‘தேவை’ என்றால் என்ன, ‘அளிப்பு’ என்றால் என்ன என்பதெல்லாம் இப்போது எனக்கு அத்துப்படி. மரகதம் அக்காவுக்குப் பார்முலா நிற்கவில்லை. நேற்று நோட்டைத் தூக்கிப்போட்டுவிட்டு, வேண்டாம் கண்ணு, மானம்தான் போகும் என்றார். நான் எடுத்துத் திரும்ப அவர் மடியில் வைத்தேன். பெயிலானாலும் முன்னால் இருந்ததுதானே, கூடுதலாக ஒன்றும் போகாது என்றேன். முறைத்தார். இன்று நான்கு பார்முலா ஒப்பித்தார்.

ஜூன் 20, வியாழன்

ஒளியியல் முடிந்தது. விரல் வீங்கியிருக்கிறது. இடது கையால் எழுதுகிறேன், அதனால்தான் இந்தக் கோழிக் கிறுக்கல்.

ஜூன் 26, புதன்

நாளைக்கு. பேனா மூன்று, ஹால் டிக்கெட், ஆதார். விரல் வீக்கம் இறங்கிவிட்டது.

ஜூன் 27, வியாழன்

பிசிக்ஸும் பொருளியலும் ஒரே நாள், ஒரே சென்டர். வீட்டுக்காரர் லாரியில் எங்கள் மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டு வந்தார். முன்னால் இரண்டு பேர்தான் உட்கார முடியும் என்று ஈஸ்வரி என் மடியில் உட்கார்ந்தாள். கணபதியில் சிக்னல், பிறகு ஒரு ஊர்வலம். வந்து சேரும்போது ஒன்பது ஐம்பத்தைந்து.

பள்ளிக்கூட கேட்டில் வாட்ச்மேன் பிள்ளைகளை உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் கையை நீட்டி மறித்தார். பேரண்ட்ஸ் எல்லாம் அந்த மரத்தடிக்குப் போங்க, பிள்ளைகளை மட்டும் விடுங்க என்றார். மரகதம் அக்கா அப்படியே நின்றுவிட்டார். அவர் கை என் கையில் இருந்தது, அது பின்னால் இழுத்தது. நான் விடவில்லை.

“பெத்தவங்க இல்லீங். நாங்க மூணு பேரும் பெயிலானவங்க. எழுத வந்திருக்கறம்.”

சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. மரத்தடியில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வாட்ச்மேன் மூன்று ஹால் டிக்கெட்டையும் வாங்கி, போட்டோவையும் எங்கள் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு, பத்து மணிக்கு கேட்டைச் சாத்திருவேன், என்னம்மா நின்னுட்டு இருக்கீங்க என்று அதட்டினார். மரகதம் அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டார். மூன்று பேரும் ஓடினோம்.